189 கட்-ஆஃப்: கிண்டியில் கிடைக்கிற பிராஞ்சா, வெளியே பிடித்த பிராஞ்சா?

கணக்கு 96, இயற்பியல் 94, வேதியியல் 92. என்னிடம் பிளஸ் டூ படித்த பெண் ஒருத்தியின் மதிப்பெண் இது. அவளுடைய அப்பா தினக்காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃபை, 200-க்கு, 96 + 47 + 46 = 189 என்று எழுதி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். "கிண்டி கிடைக்குமா சார்?" என்றார். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரியைத்தான் சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை.

கிடைக்கும் என்றேன். நீங்கள் நினைக்கிற பிராஞ்ச் கிடைக்காது என்றும் சொன்னேன். அவர் முகத்தில் பாதி சந்தோஷம், பாதி ஏமாற்றம். கட்-ஆஃப் 198-க்கு மேல் இருக்கிற பிள்ளைக்கு இந்தத் தலைவலி இல்லை. 150 வாங்கிய பிள்ளைக்கும் இல்லை. 182-லிருந்து 194 வரை வாங்கியவர்கள்தான் ஜூலை மாதம் முழுக்கத் தூங்காமல் இருப்பவர்கள். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் யாரும் அதிகம் கேட்காத பிராஞ்சில் சேருவதா, வெளியே ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் எடுப்பதா, அரசுக் கல்லூரியில் எலக்ட்ரிகலோ மெக்கானிகலோ போதுமா, இல்லை கலந்தாய்வுக்கு முன்பே பணம் கட்டி ஒரு நிகர்நிலைப் பல்கலையில் இடம் பிடித்துவிடுவதா? நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## முதலில் அளவுகோல்கள்

வீட்டில் பேசும்போது "நல்ல காலேஜ்" என்ற ஒரே சொல்லில் ஐந்தாறு விஷயங்கள் கலந்துவிடும். அவற்றைப் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

1. இடம் கிடைக்கிற வாய்ப்பு உண்மையில் எவ்வளவு?
2. நான்கு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு செலவாகும்? முதல் வருடக் கல்விக் கட்டணத்தை மட்டும் பார்க்கக் கூடாது.
3. அந்தப் பாடத்தைப் பிள்ளை நான்கு வருடம் சகித்துக்கொள்ளுமா?
4. வளாகத்துக்கு வரும் கம்பெனிகள் அந்த பிராஞ்ச் பிள்ளைகளைத் தேர்வுக்கு உட்கார விடுமா?
5. வேலை வேண்டாம், கேட் (பொறியியல் மேல்படிப்புக்கும் பொதுத்துறை வேலைக்கும் உதவும் தேர்வு) எழுதப் போகிறேன், மேல்படிப்பு படிக்கப் போகிறேன், அரசுத் தேர்வு எழுதப் போகிறேன் என்றால் அந்தப் பட்டம் உதவுமா?

தூரம், பாதுகாப்பு, வீட்டு நிலைமை இவையும் உண்டு. ஆனால் அவற்றை வெளியாள் எடைபோட முடியாது.

## வாய்ப்பைக் கணக்கிடுவது: கட்-ஆஃபை விட ரேங்க் முக்கியம்

இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கிறேன். தப்பு நடப்பதெல்லாம் இங்கேதான்.

நுழைவுத் தேர்வு 2007-லிருந்து கிடையாது. 200-க்கான கட்-ஆஃபில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. அதாவது கணக்கில் ஒரு மதிப்பெண் போனால் ஒன்று போகும், வேதியியலில் போனால் அரை போகும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஒரே கட்-ஆஃப் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும் என்பதுதான் பலருக்கு உறைப்பதில்லை. 200-க்கு 200 வாங்கியவர்கள் 2023-ல் 102 பேர், 2024-ல் 65 பேர், 2025-ல் 144 பேர். உச்சியிலேயே இவ்வளவு ஆட்டம் என்றால் 189-ல் எவ்வளவு நெரிசல் கூடிக் குறையும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வினாத்தாள் சுலபமாக இருந்த வருடம் உங்கள் 189-க்கு முன்னால் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியிருக்கும். அதனால் "போன வருடம் 188-க்குக் கிடைத்ததாம்" என்ற பேச்சை நம்பிப் பட்டியல் போட வேண்டாம். ஒவ்வொரு கல்லூரி, ஒவ்வொரு பிராஞ்ச், ஒவ்வொரு வகுப்புப் பிரிவிலும் கடைசியாக இடம் பெற்றவரின் ரேங்க் என்ன என்று கலந்தாய்வு இணையதளத்திலேயே முந்தைய வருடங்களுக்கு இருக்கிறது. அதோடு உங்கள் ரேங்கை ஒப்பிடுங்கள். மூன்று வருடத்துக்குப் பார்த்தால் ஒரு போக்கு தெரியும்.

ரேங்க் இரண்டு இருக்கும். ஒன்று பொது ரேங்க், இன்னொன்று வகுப்புப் பிரிவுக்குள் உள்ள ரேங்க். 69 சதவீத இட ஒதுக்கீட்டில் பி.சி.க்கு 26.5, பி.சி. முஸ்லிமுக்கு 3.5, எம்.பி.சி., டி.என்.சி.க்கு 20, எஸ்.சி.க்கு 15, அருந்ததியருக்கு 3, எஸ்.டி.க்கு 1. மீதி 31 சதவீதம் ஓ.சி. அது ஏதோ முன்னேறிய வகுப்புக்கான ஒதுக்கீடு என்று இன்னமும் நினைப்பவர்கள் உண்டு. அது எல்லாருக்கும் பொதுவான போட்டி. எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் ரேங்க் இருந்தால் அதில் இடம் பெறலாம்.

சம மதிப்பெண் வந்தால்? அதே வருடம் இன்னொரு பையனுக்குக் கணக்கு 92, இயற்பியல் 97, வேதியியல் 97. கூட்டினால் அவனுக்கும் 189. ஆனால் சமநிலை வந்தால் முதலில் பார்ப்பது கணக்கு மதிப்பெண், அடுத்தது இயற்பியல். ஆகவே கணக்கில் 96 வாங்கிய அவள் முன்னே, 92 வாங்கிய அவன் பின்னே. எல்லாமே சமமாக இருந்தால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதுவும் சமம் என்றால்தான் விண்ணப்பிக்கும்போது கொடுக்கும் ரேண்டம் எண்ணுக்கு வேலை. ரேண்டம் எண் சின்னதாக வந்துவிட்டதே என்று அழுத பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அந்த எண்ணைத் தேட வேண்டிய நிலையே வராது.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 2021-லிருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. கீழே நான் செலவைப் பற்றி எழுதியிருப்பதில் பெரும்பகுதி அவர்களுக்குப் பொருந்தாது. வாய்ப்புக் கணக்கும் வேறு. அவர்கள் அந்தத் தனிப் பட்டியலின் ரேங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## வழி 1: கிண்டி அல்லது குரோம்பேட்டை, கிடைக்கிற பிராஞ்ச்

கிண்டி பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஓ.சி.யில் 199-ஐ ஒட்டியே முடிந்துவிடும். எலக்ட்ரானிக்ஸும் ஐ.டி.யும் அதன் பின்னாலேயே போய்விடும். 189-க்கு மிச்சம் இருப்பவை மைனிங், பிரிண்டிங் அண்ட் பேக்கேஜிங், ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ், அக்ரிகல்சர் அண்ட் இரிகேஷன், மேனுஃபேக்சரிங் மாதிரியானவை. வகுப்பைப் பொறுத்து சிவிலும் வரலாம். அண்ணா பல்கலையின் இன்னொரு வளாகமான குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர் அண்ட் பிளாஸ்டிக்ஸ், புரொடக்‌ஷன். கிண்டி வளாகத்திலேயே இருக்கும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் டெக்ஸ்டைல், செராமிக் போன்றவை.

இவற்றைக் "கழிவு பிராஞ்ச்" என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கிண்டி கல்லூரி 1794-ல் மைக்கேல் டாப்பிங் தொடங்கிய நில அளவைப் பள்ளியாகத்தான் பிறந்தது. 1802-ல் லாம்ப்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கிய அடிக்கோடு பரங்கிமலைப் பக்கம்தான், கிண்டிக்குக் கூப்பிடு தூரம். அந்தக் கல்லூரி எதற்காகத் தோன்றியதோ அந்தத் தொழிலின் இன்றைய வடிவம்தான் இன்று கலந்தாய்வில் கடைசியாகப் போகிற பிராஞ்ச்களில் ஒன்று. வேடிக்கைதான். ஜி.பி.எஸ்., செயற்கைக்கோள் படம், வரைபட மென்பொருள் எல்லாம் அதில் வரும். நிரல் எழுதும் வேலையும் உண்டு. கேட் தேர்வில் ஜியோமேட்டிக்ஸுக்குத் தனித்தாளே வந்துவிட்டது.

மைனிங் வேறு கதை. கேட்டில் அதற்கும் தனித்தாள் உண்டு. கோல் இந்தியா மாதிரியான பொதுத்துறை நிறுவனங்கள் அந்தப் பட்டத்தைக் கேட்டே ஆள் எடுக்கின்றன. நம் ஊரில் நெய்வேலி இருக்கிறது. ஆனால் சுரங்கம் இருக்கிற இடத்துக்குத்தான் போய் வேலை பார்க்க வேண்டும். பெண்கள் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணியில் நிலத்தடிச் சுரங்கத்துக்குள் பகலில் வேலை செய்யலாம் என்று விதி தளர்ந்ததே 2019-ல்தான். "கிண்டி கிடைக்குதே, மைனிங் போட்டுடலாம்" என்று சொல்லும் மாமாக்களிடம் நான் கேட்பது, பிள்ளை நிலக்கரிச் சுரங்க ஊரான தன்பாத் பக்கம் போய்க் குடியிருக்குமா என்பதை மட்டும்தான்.

இந்த வழியின் பலம், வளாகமும் அங்கே இருக்கிற சக மாணவர்களும். பல்கலைக்கழக வளாகத் துறைகளுக்குப் பொதுவாகப் பல்கலையின் தொழில்துறை ஒத்துழைப்பு மையம் மூலம் கம்பெனிகள் வருகின்றன. எல்லா பிராஞ்சுக்கும் கதவைத் திறக்கும் மென்பொருள் கம்பெனிகளும் வரும். ஆனால் அதிகச் சம்பளம் தரும் பல கம்பெனிகள் கம்ப்யூட்டர், ஐ.டி., எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிகல் என்று "சர்க்யூட் பிராஞ்ச்" மட்டும் கேட்கும். பிரிண்டிங் படிக்கும் பையன் அதே ஹாஸ்டலில் அதே மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, அறைத்தோழன் எழுதும் தேர்வுக்குப் பதிவே செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பான். கட்டண ரசீதில் வராத செலவு அது. இன்னொன்றும் உண்டு. தன் பாடத்தையும் தேற வேண்டும், அதற்கு மேல் இரவில் உட்கார்ந்து தானாக நிரல் எழுதவும் கற்க வேண்டும். இரட்டைப் படிப்பு. செய்பவர்கள் செய்கிறார்கள். முதல் செமஸ்டரிலேயே அரியர் விழுந்து மனம் ஒடிந்தவர்களும் உண்டு.

சேர்ந்த பின் பிராஞ்ச் மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் மட்டும் சேர வேண்டாம்.

கட்டணத்தில் ஒரு சங்கதி. கிண்டியிலும் குரோம்பேட்டையிலும் சில பிராஞ்ச்களுக்கு அருகே "எஸ்.எஸ்." என்று இருக்கும், அதாவது சுயநிதி. அதே வளாகம், அதே பட்டம், கட்டணம் மட்டும் கூடுதல். அப்படி இருந்தும் பெரும்பாலான தனியார் கல்லூரிகளின் மொத்தச் செலவைவிட அது குறைவாகத்தான் வரும். எஸ்.எஸ். என்று பார்த்ததும் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள்.

யாருக்கு இது நல்லது? செலவு முக்கியம், பிள்ளை தானாகப் படிக்கும், பாடத்தில் கொஞ்சமாவது ஆர்வம் இருக்கிறது, அல்லது எப்படியும் குடிமைப் பணித் தேர்வோ மேலாண்மைப் படிப்போ எழுதப் போகிறது என்பவர்களுக்கு.

## வழி 2: தனியார் தன்னாட்சிக் கல்லூரியில் கம்ப்யூட்டர்

தனியார் என்றதும் பி.எஸ்.ஜி., எஸ்.எஸ்.என். நினைவுக்கு வரும். 189-க்கு அங்கே கம்ப்யூட்டர் என்பது பெரும்பாலான வகுப்பினருக்கு எட்டாது. அந்த இடங்கள் கிண்டிக்கு அடுத்த மூச்சிலேயே முடிந்துவிடும். நாம் பேசுவது அதற்கு அடுத்த வரிசைக் கல்லூரிகளை. அவற்றிலும் நல்லவை உண்டு, விளம்பரப் பலகையால் மட்டும் நிற்பவையும் உண்டு.

அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டணக் குழு 2017-ல் வகுத்த உச்சவரம்பு வருடத்துக்கு 50,000 ரூபாய். அங்கீகாரம் பெற்ற பிராஞ்ச் என்றால் 55,000. காகிதத்தில் அவ்வளவுதான். ஆனால் கல்லூரிக்குப் போய்க் கேட்டால் பேருந்துக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடை, லேப்டாப், ஆய்வக உபகரணங்கள் என்று இன்னொரு பட்டியல் வரும். என் மாணவன் ஒருவனை ஒரு கல்லூரியில் விடுதியில் சேர்த்தே ஆக வேண்டும் என்றார்கள். அவன் வீடு பக்கத்து ஊரில், பஸ்ஸில் முப்பது நிமிடம். ஆகவே சேருவதற்கு முன் அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் ஒருவரிடம் "போன வருடம் மொத்தம் எவ்வளவு கட்டினாய்?" என்று கேளுங்கள். அலுவலகத்தில் கேட்பதைவிட இதில் உண்மை அதிகம்.

அடுத்து, ஒரே கல்லூரியில் எத்தனை கம்ப்யூட்டர் பிரிவுகள் இருக்கின்றன என்று பாருங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ், செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி, பிசினஸ் சிஸ்டம்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் அறுநூறு எழுநூறு பேர் சேர்கிற இடமும் இருக்கிறது. அத்தனை பேருக்கும் பாடம் எடுக்க ஆசிரியர் வேண்டுமே. வேலைவாய்ப்பு விளம்பரத்தில் "2,000 ஆஃபர்" என்று இருந்தால் ஆஃபர் எத்தனை, ஆள் எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே பையனுக்கு மூன்று ஆஃபர் வந்தால் அங்கே மூன்றாகத்தான் எண்ணுவார்கள்.

இந்த வழி யாருக்கு? நிரல் எழுதுவது உண்மையிலேயே பிடித்த பிள்ளைக்கு. பள்ளியிலேயே பைத்தானோ சி-யோ எழுதிப் பார்த்து ரசித்தவர் என்றால் கல்லூரிப் பெயர் கொஞ்சம் குறைந்தாலும் பாதகமில்லை. கம்ப்யூட்டர் படித்தால் வேலை நிச்சயம் என்று வேறு யாரோ சொன்னதால் மட்டும் சேருபவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## வழி 3: அரசு, அரசு உதவி பெறும் கல்லூரியில் கோர் பிராஞ்ச்

கோர் என்றால் எலக்ட்ரிகல், மெக்கானிகல், சிவில் மாதிரியான அடிப்படை பிராஞ்ச்கள். இந்த வழியைத்தான் நம் மக்கள் அதிகம் கவனிப்பதில்லை. 1945-ல் தொடங்கிய கோவை ஜி.சி.டி., 1952-ல் தொடங்கிய காரைக்குடி அழகப்பா செட்டியார் கல்லூரி, சேலம், திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரிகள். உதவி பெறுவதில் மதுரை தியாகராசர், கோவை சி.ஐ.டி., பி.எஸ்.ஜி.யின் உதவி பெறும் பிராஞ்ச்கள். 189-க்கு இவற்றில் ஏதாவது ஒன்றில் எலக்ட்ரிகல், மெக்கானிகல், சிவில் கிடைக்க நல்ல வாய்ப்பு. வகுப்பும் வருடமும் கைகொடுத்தால் எலக்ட்ரானிக்ஸும் வரும்.

கட்டணம் மிகக் குறைவு. எலக்ட்ரிகல் என்பது சர்க்யூட் பிராஞ்ச் கணக்கில் வருவதால் மென்பொருள் கம்பெனிகளின் கதவும் பெரும்பாலும் மூடாது. மின்வாரியம், பொதுப்பணித் துறை, பொதுத்துறை நிறுவனங்கள், கேட் என்று நான்கைந்து பாதைகள் எலக்ட்ரிகல், சிவில், மெக்கானிகலுக்குத்தான் அகலமாகத் திறந்திருக்கின்றன.

குறை? கிண்டிக்கு வரும் எல்லாக் கம்பெனியும் காரைக்குடிக்கு வராது. கட்டடமும் ஆய்வகமும் சில இடத்தில் பழையவை. ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடப்பது அரசுக் கல்லூரிகளின் தீராத வியாதி. உதவி பெறும் கல்லூரியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே கல்லூரிக்குள் உதவி பெறும் பிராஞ்சும் சுயநிதி பிராஞ்சும் இருக்கும், கட்டண வித்தியாசம் பெரிது. பட்டியலில் ஒரு வரி தள்ளிப் போட்டால் போச்சு. பெயர் ஒன்றுபோல இருக்கும் கல்லூரிகளும் உண்டு. பி.எஸ்.ஜி. டெக்கின் கலந்தாய்வுக் கல்லூரி எண் 2006. அதே அறக்கட்டளையின் ஐ-டெக் வேறு கல்லூரி, வேறு எண். பெயரைப் படிக்காமல் எண்ணைச் சரிபாருங்கள்.

எனக்கு வாய்ப்பு கொடுத்தால் 189-க்கு நான் முதலில் தேடுவது இந்த வழியைத்தான். என் சாய்வு அது என்று தெரிந்துகொண்டே படியுங்கள்.

## வழி 4: முன்பே பணம் கட்டி நிகர்நிலைப் பல்கலை

நிச்சயம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதி. அதைத் தவிர 189 வாங்கிய பிள்ளைக்கு இதில் பெரிய லாபம் எனக்குத் தெரியவில்லை. விதிவிலக்கு உண்டு. விஐடி மாதிரி இடங்களில் நுழைவுத் தேர்வு ரேங்கைப் பொறுத்து ஐந்து கட்டணப் பிரிவுகள். முதல் பிரிவில் வந்து, பிடித்த பிராஞ்சும் கிடைத்தால் யோசிக்கலாம். கீழ்ப் பிரிவு என்றால் நான்கு வருடக் கணக்கு வேறு உயரத்துக்குப் போய்விடும்.

இங்கே ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு கிடையாது. ஆகவே முதல் பட்டதாரிச் சலுகையும் கிடையாது. வங்கிக் கடன் எடுத்தால் வட்டியையும் சேர்த்துப் பாருங்கள். பணம் கட்டிவிட்டுப் பின்னால் கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்து விலகினால், குறிப்பிட்ட தேதிக்குள் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது யுஜிசி விதி. விதி அப்படி. நடப்பில், ஒரு கல்லூரியில் டி.சி.யைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க என் மாணவனின் அம்மா நாலு நடை நடந்தார். நகலைக் கொடுங்கள். அசலைக் காட்டிவிட்டுக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | கிண்டி, எம்.ஐ.டி.: கிடைத்த பிராஞ்ச் | தனியார்: கம்ப்யூட்டர் | அரசு, உதவி பெறும்: கோர் | நிகர்நிலை |
|---|---|---|---|---|
| 189-க்கு வாய்ப்பு | உண்டு. பிராஞ்ச் நம் கையில் இல்லை | இரண்டாம் வரிசையில் தாராளம் | நல்லது. வகுப்பைப் பொறுத்து | பணம் இருந்தால் நிச்சயம் |
| நான்கு வருடச் செலவு | குறைவு, எஸ்.எஸ். என்றால் நடுத்தரம் | நடுத்தரம் முதல் அதிகம் | மிகக் குறைவு | மிக அதிகம் |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | இரட்டைப் படிப்பு, சில கம்பெனிகளுக்கு உட்கார முடியாமை | பஸ், பயிற்சி, கட்டாய விடுதி | காலிப் பணியிடங்கள், குறைந்த கம்பெனிகள் | கடன் வட்டி, பணம் திரும்ப வாங்கும் அலைச்சல் |
| மென்பொருள் வேலை | உழைத்தால் உண்டு | நேர்வழி | எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸுக்கு உண்டு | நேர்வழி |
| கேட், அரசு வேலை | பிராஞ்சைப் பொறுத்து | சுமார் | மிக நல்லது | சுமார் |

ஒரு வருடம் விட்டு அடுத்த வருடம் பார்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஜே.இ.இ. எழுதி திருச்சி என்.ஐ.டி.க்குப் போக அது ஒரு வழி. அங்கே பாதி இடங்கள் நம் மாநிலப் பிள்ளைகளுக்கு. ஆனால் கிண்டிக்காக ஒரு வருடம் விடுவதில் அர்த்தம் இல்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவரின் 189, அடுத்த வருடமும் அதே 189-தான்.

## பட்டியல் போடும் வரிசை

வழியைத் தேர்ந்தெடுத்த பிறகும் காரியம் கெடுகிற இடம் ஒன்று இருக்கிறது. விருப்பப் பட்டியல் போடுவது.

கணினி செய்வது எளிமையான வேலை. உங்கள் ரேங்க் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுக்கும். அவ்வளவுதான். மேலே கிடைக்காத ஐம்பது இடத்தை எழுதினாலும் ஐம்பத்தோராவது இடத்துக்கான உங்கள் உரிமை ஒரு துளியும் குறையாது. ஆனால் மக்கள் என்ன செய்கிறார்கள்? "கிடைக்காததை ஏன் சார் மேலே போட்டு வீணாக்கணும்" என்று, நிச்சயம் கிடைக்கும் கல்லூரியை முதலில் போடுகிறார்கள். நிச்சயம் கிடைத்துவிடுகிறது. அதற்குக் கீழே எழுதியதைவிட மட்டமான இடம் கிடைத்ததாகப் பிறகு அழுகிறார்கள்.

இன்னொரு வகை, யார் சொன்னதையும் மறுக்காமல் நடுவில் செருகுவது. மாமா சொன்னது, பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது. ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வி கேளுங்கள். இதுவும் இதற்குக் கீழே இருப்பதும் இரண்டும் கையில் இருந்தால் எதை எடுப்பேன்? கீழே இருப்பதைத்தான் என்றால் வரிசையை மாற்றுங்கள். எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. நூறு நூற்றைம்பது வரிகூடப் போடலாம். கைப்பேசியில் போடாதீர்கள், விரல் பட்டு வரிசை நகர்ந்துவிடும். கணினியில் போட்டு, அச்செடுத்து, ஒரு ராத்திரி கழித்து மறுபடி படித்துவிட்டுப் பூட்டுங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் பதில் சொல்ல இரண்டு நாள் தருவார்கள். ஏற்றுச் சேர்கிறேன், ஏற்கிறேன் ஆனால் மேலே காலியானால் நகர்த்துங்கள், வேண்டாம் மேலே மட்டும் பாருங்கள், அடுத்த சுற்றுக்குப் போகிறேன், விலகுகிறேன் என்று வாய்ப்புகள் இருக்கும். இரண்டாவதை எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறார்கள். மேலே இருப்பது கிடைத்தால் கையில் இருந்தது போய்விடும், திரும்பி வர முடியாது. மேலே இருக்கும் ஒவ்வொரு வரியும் உண்மையிலேயே வேண்டியதாக இருந்தால்தான் அதை அழுத்த வேண்டும்.

காலண்டர் தாளோடு வந்தவரின் மகளுக்கு முதல் சுற்றிலேயே கோவை ஜி.சி.டி.யில் எலக்ட்ரிகல் வந்தது. அவளுக்கு அதுவே வேண்டியது. அவள் அப்பா "மேலே நகர்த்து" பொத்தானில் விரலை வைத்தபடி என்னைப் பார்த்தார். பட்டியலை வாங்கிப் பார்த்தேன். ஜி.சி.டி. எலக்ட்ரிகலுக்கு மூன்று வரி மேலே, எம்.ஐ.டி. ஆட்டோமொபைல் இருந்தது. "இதை யார் போட்டது?" என்றேன்.

"நான்தான் சார். கலாம் படிச்ச காலேஜ் ஆச்சே."

"அப்பா, எனக்கு ஆட்டோமொபைல் வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன்ல," என்றாள் அவள். அவர் விரலை எடுத்தார். அவளே மவுஸை வாங்கி "ஏற்றுச் சேர்கிறேன்" என்பதை அழுத்தினாள்.